பந்தியில் உட்கார்ந்து மோட்டார் போடுகிறவர்கள்

சென்ற வாரம் காரைக்காலில் உறவில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்தியில் என் இடது பக்கம் மச்சான் மகன் உட்கார்ந்திருந்தான். புதுச்சேரியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி நடத்துகிறான். அவன் அப்பா தொடங்கியது. சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் அவன் செல்போன் விட்டு விட்டுக் கூவியது. இடது கையால் எடுத்துப் பார்த்தான். வரைபடம் போல ஒரு படம், நடுவில் ஒரு வட்டம் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

"என்னப்பா அது?" என்றேன்.

"உப்புத் தொட்டியில அஜிட்டேட்டர் நின்னு போச்சு மாமா. இருங்க, இங்கேருந்தே போட்டு விடறேன்."

கட்டை விரலால் ஒரு பச்சைக் கட்டத்தை அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினான். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பிறகுதான் கம்பெனி ஆப்பரேட்டருக்குப் போன் செய்தான். எதிர் முனையில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"பெல்ட் மாத்திக்கிட்டு இருக்கேன் முதலாளி. மூணு பீஸ் கட்டையும் என் துண்டுலதான் முடிஞ்சு வெச்சிருக்கேன்."

மச்சான் மகன் சிரித்துவிட்டான். எதிர் வரிசையில் இருந்தவர்களுக்கும் சொல்லிச் சிரித்தான். "நான் காரைக்கால்லேருந்து மோட்டார் போடறேன், அவரு பீஸைத் துண்டுல முடிஞ்சு வெச்சிருக்காரு" என்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. அந்த மனிதர் பழைய பழக்கத்தில் பீஸ் கட்டையைப் பிடுங்காமல் இருந்திருந்தால், இரண்டு முறை அழுத்திய அந்தக் கட்டை விரல் என்ன செய்திருக்கும்? பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் அவர் கை இருந்திருக்கிறது. பந்தியில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. 130 கிலோமீட்டர் தூரம் சிரிப்பைச் சுலபமாக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் இன்ஜினீயர் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இதில் குமாஸ்தாவுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு வட்டம் செல்போனுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்காரர்களில் பலர் ஐஸ் கம்பெனிக்குள் போயிருக்க மாட்டீர்கள். உள்ளே ஒரு பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதற்குள் வரிசை வரிசையாகத் தகரக் கேன்கள், கேனுக்குள் நல்ல தண்ணீர். அமோனியா வாயுவைக் கம்ப்ரசர் அழுத்தும், கண்டென்சர் குளிர வைத்துத் திரவமாக்கும், அந்தத் திரவம் தொட்டிக்குள் இருக்கும் குழாய்களில் கொதித்து மறுபடி வாயுவாகும்போது உப்புத்தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொள்ளும். உப்புத்தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது. கேனுக்குள் இருக்கும் தண்ணீர் உறையும். தொட்டி முழுக்க ஒரே குளிர்ச்சியாக இருப்பதற்காக உப்புத்தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான விசிறிதான் அஜிட்டேட்டர்.

என் மச்சான் காலத்தில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் கடிகாரம் போல இரண்டு மூன்று அழுத்தமானிகள் இருக்கும். ஆப்பரேட்டர் மணிக்கு ஒரு தரம் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவார். அப்புறம் சுவரில் ஒரு பெட்டி வந்தது. அதற்குள் பி.எல்.சி. என்கிற சின்னக் கம்ப்யூட்டர். எப்போது எந்த மோட்டாரைப் போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியின் முகத்தில் கை வைத்தால் வேலை செய்கிற திரை. அமோனியா அழுத்தம், உப்புத்தண்ணீர்ச் சூடு, எந்த மோட்டார் ஓடுகிறது எல்லாம் அதில் படமாகத் தெரியும், படத்தைத் தொட்டால் மோட்டார் ஓடும். அதுவரை திரைக்கு முன்னால் ஓர் ஆள் நின்றாக வேண்டும்.

பிறகு அந்தத் திரையை அப்படியே நகல் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் காட்டும் வழி வந்தது. முதலில் அதற்குத் தனி மென்பொருள் போட வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம். அந்தத் திரைக்குள்ளேயே வலைப்பக்கம் கொடுக்கிற வசதி இருக்கிறது. நாம் செய்தித்தாள் படிக்கத் திறக்கிறோமே அதே பிரவுசரைத் திறந்து, முகவரி அடித்து, கடவுச்சொல் போட்டால் போதும். ஐஸ் கம்பெனியின் சுவர்ப் பெட்டி கல்யாண மண்டபத்துக்கு வந்துவிடும். செல்போன், டேப்லெட், பேரன் விளையாடுகிற லேப்டாப் எதுவாக இருந்தாலும் சரி.

இதில் எனக்கு ஆச்சரியமும் உண்டு, மரியாதையும் உண்டு. பார்ப்பதற்கு இதைப்போல ஒரு வசதி கிடையாது. நான் வேலை பார்த்த இடத்தில் மோட்டார் நிலையங்களிலிருந்து பதிவேடுகள் வரும். மணிக்கு மணி அழுத்தம், மின்னோட்டம் எல்லாம் எழுதியிருக்கும். ஒரு பதிவேட்டில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை எல்லா எண்ணும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியது போல இருக்கும். அதிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து எழுதியது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஒரு தடவை மின்சாரமே இல்லாத இரண்டு மணி நேரத்துக்கும் மோட்டார் ஓடியதாக எழுதி வந்தது. நான் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டு மேலே அனுப்பினேன். கோப்பு திரும்பி வந்தது, கேள்விக்குறிக்குப் பக்கத்தில் "பார்த்தேன்" என்று ஓர் இனிஷியல். அவ்வளவுதான்.

செல்போன் திரை அப்படிப் பொய் எழுதாது. இரவு 2 மணி 10 நிமிடத்துக்கு அழுத்தம் ஏறியது என்றால் கோடு ஏறிக் காட்டும். மச்சான் மகன் ஒரு மாதத்துக் கோட்டை எனக்குக் காட்டினான். பிற்பகலில் கண்டென்சர் அழுத்தம் ஏறுவதும், மழை பெய்த நாளில் இறங்குவதும் கண்ணுக்குத் தெரிந்தது. 2020 பொது முடக்கத்தில் அவனால் கம்பெனிக்குப் போக முடியாத நாட்களில் வீட்டில் இருந்தே பார்த்துக்கொண்டான். அழுத்தம் மெல்ல ஏறி வருவதைக் கவனித்து, உள்ளே தங்கியிருந்த ஆப்பரேட்டருக்குப் போன் செய்து, கண்டென்சர் தண்ணீர்க் குழாயில் பாசி அடைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்களாம். இதெல்லாம் நல்ல காரியம். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

என் சண்டை அந்தப் பச்சைக் கட்டத்தோடு.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அந்த மொழியில் இந்த இரண்டு காரியத்துக்கும் இரண்டு சொல். தூரத்திலிருந்து கவனிப்பது தெலேசுர்வேயான்ஸ். தூரத்திலிருந்து கட்டளையிடுவது தெலேகொமாந்த். ஒன்று வைத்துக்கொண்டிருப்பவனிடம் மற்றொன்றும் இருக்கும் என்று அந்தச் சொற்கள் சொல்வதில்லை. எங்கள் பள்ளியில் சுர்வேயான் என்று ஒருவர் இருந்தார். தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருப்பார். யார் பேசுகிறான், யார் மதிலேறுகிறான் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு சின்ன நோட்டில் பெயர் எழுதிக்கொள்வார். ஆனால் அவர் யாரையும் அடித்ததில்லை, வெளியே அனுப்பியதில்லை. அதற்கு திரெக்தேர் அறைக்குப் போக வேண்டும், அங்கே பையனிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். சில சமயம் அந்த ஒரு வார்த்தையிலேயே விஷயம் மாறிவிடும். மதிலேறிய பையன் உண்மையில் விழுந்துவிட்ட காக்கைக் குஞ்சைத் திரும்ப வைக்கப் போயிருப்பான்.

செல்போனில் பார்ப்பதும் அழுத்துவதும் ஒரே திரையில், ஒரு விரல் அகல இடைவெளியில் இருக்கின்றன. அஜிட்டேட்டர் நின்றிருப்பதைத் திரை சொல்லும். ஏன் நின்றது என்பதைச் சொல்லாது. மோட்டார் சூடாகித் தானே நின்றதா, கம்பி அறுந்ததா, ஒரு மனிதர் நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விட்டிருக்கிறாரா, எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு வட்டம்தான். இன்னொன்றும் மச்சான் மகனே ஒத்துக்கொண்டான். இணைப்பு துண்டித்துப் போனால் சில திரைகள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டு நிற்குமாம். அதைத் தெரியப்படுத்தத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். கால் மணி நேரத்துக்கு முந்தைய அழுத்தத்தைப் பார்த்து இப்போது பொத்தானை அழுத்துவது, பழைய பேப்பரைப் பார்த்துக் குடை எடுத்துப் போவது மாதிரி.

"நிறுத்துவதாவது செய்யலாமே, நிறுத்தினால் ஆபத்து இல்லையே" என்று பந்தியிலேயே ஒருவர் கேட்டார். அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்டென்சருக்குத் தண்ணீர் விடுகிற பம்பை நிறுத்தினால் அமோனியா அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதைப் பிடிக்கத் தானாக நிற்கிற பாதுகாப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் எதை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதே ஆப்பரேட்டரின் கைத்தொழில்.

காரைக்காலிலிருந்து திரும்பிய பிறகு பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஓல்ட்ஸ்மார் என்று ஒரு சின்ன ஊர். சுமார் 15,000 பேர். அங்கே குடிநீர் நிலையத்தின் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் வசதி வைத்திருந்தார்கள். 2021 பிப்ரவரி 5 அன்று ஓர் ஊழியர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அம்புக்குறி தானாக நகர்ந்தது. தண்ணீரின் அமிலத்தன்மையைக் குறைக்கக் காஸ்டிக் சோடா கொஞ்சம் சேர்ப்பார்கள். பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்று இருந்த அளவு 11,100 பங்காக மாற்றப்பட்டது. அந்த ஊழியர் அதைப் பார்த்து உடனே பழைய அளவுக்குக் கொண்டு வந்துவிட்டார். யாருக்கும் தீங்கு இல்லை. உலகம் முழுக்கச் செய்தியானது, எங்கிருந்தோ ஒருவன் நுழைந்து ஊருக்கே விஷம் வைக்கப் பார்த்தான் என்று.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, சம்பவம் நடந்தபோது அந்த நகரத்தின் மேலாளராக இருந்தவர், வெளியிலிருந்து யாரும் வரவில்லை, உள்ளே இருந்த ஊழியரின் கைத் தவறாகவே இருக்க வேண்டும் என்று சொன்னார். மத்தியப் புலனாய்வுத் துறையாலும் வெளியாள் நுழைந்ததை உறுதிப்படுத்த முடியவில்லை. யோசித்துப் பாருங்கள். ஓர் ஊரின் குடிதண்ணீரில் காரத்தை நூறு மடங்குக்கு மேல் ஏற்றிய கை யாருடைய கை என்று கடைசி வரை ஊர்ஜிதமாகவில்லை. விசாரணையில் வெளிவந்த இன்னொரு விவரம், தூரத்திலிருந்து நுழைவதற்கு எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்பது.

இங்கேதான் குமாஸ்தா பேச வேண்டியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தைப் பற்றி ஊரார் ஆயிரம் கேலி செய்வார்கள். ஒரு காகிதம் ஆறு மேசை ஏறி இறங்கும், ஒவ்வொரு மேசையிலும் ஓர் இனிஷியல், ஒரு தேதி. பென்ஷன் தாமதமானதால் அந்த ஆறு மேசையைத் திட்டாதவர் இங்கே படிப்பவர்களில் இருக்க மாட்டார். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் முப்பது வருடம் கழித்து அந்தக் கோப்பை எடுத்தால், எந்த வரியை யார் எழுதினார், யார் ஒப்புக்கொண்டார், யார் கேள்வி கேட்டார் என்று சொல்ல முடியும். எழுதுகிறவர் ஒருவர், அனுமதிக்கிறவர் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் தணிக்கையில் மாட்டும்.

மச்சான் மகனிடம் கேட்டேன், "உன் கம்பெனித் திரைக்குக் கடவுச்சொல் யார் யாருக்குத் தெரியும்?" விரல் விட்டு எண்ணினான். அவனுக்கு, அவன் மகனுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, பெட்டி மாட்டிக்கொடுத்த கம்பெனியின் இரண்டு பையன்களுக்கு. அதில் ஒரு பையன் வேலையை விட்டுவிட்டானாம். ஐந்து பேருக்கும் ஒரே சொல்தான். ஆப்பரேட்டருக்கு மட்டும் தெரியாது, "அவருக்கு எதுக்கு மாமா, அவர்தான் அங்கேயே இருக்காரே" என்றான். அப்படியானால் அன்று இரண்டு முறை பச்சைக் கட்டத்தை அழுத்தியது யார் என்று அந்தப் பெட்டியைக் கேட்டால் என்ன சொல்லும்? ஐந்து பேருக்கும் பொதுவான ஒரு பெயரைச் சொல்லும். எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர் ஒரே இனிஷியல் போட்டால் அன்று மாலையே ஐந்து பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வரும்.

கடவுச்சொல்லைப் பற்றி இன்னொரு கதையும் படித்தேன். 2023 நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்ற ஊரின் குடிநீர் அழுத்தம் கூட்டும் நிலையத்தில் ஒரு கன்ட்ரோல் திரையை வெளிநாட்டுக் கும்பல் பிடித்துத் தங்கள் கோஷத்தை அதில் எழுதி வைத்தது. அந்த வகைக் கருவிகளுக்குத் தயாரித்தவர்கள் போட்டுக் கொடுத்த கடவுச்சொல் 1111. பல ஊர்களில் அதை மாற்றாமலேயே இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். பூட்டு கடைக்காரன் கொடுத்த சாவியோடு வாசலிலேயே தொங்குகிற மாதிரி. அலிக்விப்பாவில் ஆட்கள் கருவியைத் துண்டித்துவிட்டுக் கையால் இயக்கினார்கள், தண்ணீர் நிற்கவில்லை. மச்சான் மகனின் கடவுச்சொல் 1111 இல்லை. ஆனால் அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் "கையால் இயக்கினார்கள்" என்பதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் நாட்டில் மூன்று மின்விநியோகக் கம்பெனிகளின் கட்டுப்பாட்டு அறைகளுக்குள் வெளியாட்கள் கம்ப்யூட்டர் வழியாக நுழைந்தார்கள். ஓர் இடத்தில் ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து ஒவ்வொரு பிரேக்கராகத் திறந்துகொண்டே போனது. அவர்கள் மௌஸைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போயிற்று, அதுவும் டிசம்பர் குளிரில். ஆனால் சில மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. எப்படி? ஆட்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் போய் பிரேக்கர்களைக் கையால் மூடினார்கள். கைப்பிடி இன்னும் அங்கே இருந்தது. அதைத் திருப்பத் தெரிந்தவர்களும் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள்.

நமக்கு வெளிநாட்டுக் கும்பல் வேண்டாம், ஒரு புயல் போதும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியது. எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று உங்களுக்கே நினைவிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே செல்போன் சிக்னல் செத்துப் போனதும் நினைவிருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது ஒரு நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தெருவில் படகு விட்டார்கள். அந்த மாதிரி நாளில்தான் கம்ப்ரசரைப் பத்திரமாக நிறுத்தி வால்வு மூட வேண்டும், ஜெனரேட்டரைப் போட வேண்டும், அமோனியா நெடி வருகிறதா என்று மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாளில்தான் பிரவுசர் திறக்காது.

இவ்வளவும் நான் ஏன் அவசரமாக எழுதுகிறேன் என்றால், மச்சான் மகன் ஒரு முடிவுக்கு வரப் பார்க்கிறான். இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பைபர் படகுக்காரர்கள் வாங்குகிற அளவுக்குத்தான் ஐஸ். கம்பெனிகளில் ரிப்பேர் வேலை எல்லாம் இந்த அறுபத்தொரு நாளில்தான் நடக்கும், பெல்ட் மாற்றியதும் அதனால்தான். தடை முடிந்து மறுபடி ஓட்டம் பிடிக்கும்போது இரவு ஷிப்டுக்கு ஆள் வேண்டாம், வீட்டில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் யோசனை. பெட்டி மாட்டியவர்களும் அப்படித்தான் சொல்லி விற்றிருக்கிறார்கள், ஓர் ஆள் சம்பளத்தில் இரண்டு வருடத்தில் முதல் திரும்பி வந்துவிடும் என்று.

அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரவு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் தூங்கிவிடுகிறார்கள். சின்ன வயதுப் பையன்கள் அமோனியா நெடியில் ஒரு மாதம் தாங்குவதில்லை. மின்சாரக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. நெடி பிடிக்கிற கருவி மாட்டியிருக்கிறான், மனித மூக்கைவிட அது தூங்காமல் இருக்கும் என்கிறான். இதில் எதையும் நான் மறுக்க முடியாது. நான் மேலே சொன்ன ஒரே பேனாவில் எழுதிய பதிவேடும் அவன் கட்சிக்குத்தான் சாட்சி. தூங்குகிற ஆளைவிடத் தூங்காத திரை மேல், சந்தேகமே இல்லை. ஆனால் திரை எழுப்பினால் எழுந்து போக அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அலாரம் லாஸ்பேட்டையில் அடித்து, கம்பெனி தேங்காய்த்திட்டில் இருந்தால், நடுவில் மழை பெய்தால், யார் போவது?

கல்யாணம் முடிந்து காரில் திரும்பும்போது வழியெல்லாம் இதே பேச்சுத்தான். என் மனைவி பின்சீட்டில் தூங்குவது போல இருந்தாள், தூங்கவில்லை. கடைசியில் நான் அவனிடம் மூன்று காரியம் கேட்டேன்.

பெட்டியின் முகத்தில் சாவி போட்டுத் திருப்புகிற ஒரு ஸ்விட்ச் வைக்கச் சொன்னேன். பெரிய ஆலைகளில் இது புதிது இல்லை, லோக்கல், ரிமோட் என்று இரண்டு நிலை எழுதியிருக்கும். லோக்கலில் திருப்பினால் வெளியிலிருந்து எவன் எந்தக் கட்டத்தை அழுத்தினாலும் மோட்டார் கேட்காது, பார்க்க மட்டும்தான் முடியும். அந்த ஸ்விட்ச் மென்பொருளுக்குள் ஒரு படமாக இருக்கக் கூடாது, கம்பியில் இருக்க வேண்டும். சாவி ஆப்பரேட்டரிடம் இருக்க வேண்டும். முதலாளியிடம் மாற்றுச் சாவிகூடக் கூடாது என்று சொன்னேன், அதற்கு மட்டும் முகம் சுளித்தான். பெல்ட்டில் கை வைக்கும்போது பீஸைப் பிடுங்குவதோ மெயின் ஸ்விட்சைப் பூட்டுவதோ அதற்கு மேலே, அது எப்போதும் போலத்தான்.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு கடவுச்சொல். கணக்குப்பிள்ளைக்குப் பார்க்க மட்டும் அனுமதி. பெட்டி மாட்டிய கம்பெனிக்கு, ரிப்பேர் என்று அவர்கள் கேட்கிற அன்று திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். வேலையை விட்டுப் போன பையனின் வழி இன்றைக்கே அடைக்கப்பட வேண்டும். அந்தத் திரை உலகத்துக்கெல்லாம் தெரிகிற முகவரியில் திறந்து நிற்கக் கூடாது என்று என் பேத்தியும் சொல்லி அனுப்பியிருந்தாள், அதற்கு வி.பி.என். என்று தனி வாசல் இருக்கிறதாம்.

மூன்றாவது இரவு ஷிப்ட். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. கடலூர் தாண்டும் வரை பாட்டு போட்டுவிட்டான்.

நேற்று கம்பெனிப் பக்கம் போனேன். ஐஸ் வாங்க இல்லை, சும்மாதான். பெட்டியில் புது ஸ்விட்ச் மாட்டியிருந்தது, சாவித் துவாரத்தோடு. சில நூறு ரூபாய்தானாம். ஆப்பரேட்டர் இடுப்பில் அரைஞாண் கயிற்றில் அந்தச் சாவியைக் கட்டியிருந்தார். "நல்லதுதாங்க ஐயா" என்றார். "பீஸ்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தோளில் இருந்த துண்டைத் தட்டிக் காட்டினார்.

கடவுச்சொற்கள் பிரிக்கப்பட்டுவிட்டன என்று மச்சான் மகன் போனில் சொன்னான். இரவு ஷிப்ட் பற்றிக் கேட்டதற்கு, ஜூன் 14-க்குள் சொல்கிறேன் மாமா என்றான்.